மூடினால் தூங்காது, திறந்தால் விழிக்காது: கணினி உறக்கம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பிறை நகரில் குடியிருந்து தினமும் பினாங்குத் தீவுக்கு வேலைக்குப் போய் வருகிறேன். வார இறுதியில் அக்கம்பக்கத்தார், தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள், சொந்தக்காரர்கள் என்று யாராவது ஒருவரின் கணினி என் சாப்பாட்டு மேசையில் இருக்கும். அப்படி வருபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது இந்தத் தூக்கப் பிரச்சினையைத்தான். கேட்டவர்களுக்குச் சொன்ன பதில்களை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கட்டளைகளையும் மெனுப் பெயர்களையும் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். 'பவர்சிஎஃப்ஜி' என்று வரும் இடத்தில் பவர் என்ற சொல்லையும் சி, எஃப், ஜி என்ற மூன்று எழுத்துகளையும் இடைவெளி விடாமல் சேர்த்து அடிக்க வேண்டும். அதன் பின் ஓர் இடைவெளி, ஒரு சாய்கோடு (கேள்விக்குறி விசையில் இருப்பது), அப்புறம் அடுத்த சொல். இந்தக் கட்டளைகளில் பல, கமாண்ட் ப்ராம்ட் என்ற கட்டளைச் சாளரத்தை அட்மினிஸ்ட்ரேட்டராக ('ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்து) திறந்தால்தான் வேலை செய்யும்.

ஸ்லீப், ஹைபர்னேட், ஷட்டவுன் மூன்றும் ஏறக்குறைய ஒன்றுதானே?

இல்லை. ஸ்லீப்பில் நீங்கள் திறந்து வைத்த வேலையெல்லாம் ராம் நினைவகத்தில் அப்படியே இருக்கும். திரை, டிஸ்க், செயலி (சிபியு) எல்லாம் அடங்கிவிடும். ராமுக்கு மட்டும் சொட்டுச் சொட்டாக மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். அந்தச் சொட்டு நின்றால் சேமிக்காத வேலை போச்சு. ஹைபர்னேட்டில் ராமில் உள்ளதை டிஸ்கில் எழுதி வைத்துவிட்டுக் கணினி முழுதாக அணைந்துவிடும். பிளக்கைப் பிடுங்கினாலும் பயமில்லை. எழுந்துவரக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுக்கும், அவ்வளவுதான்.

இந்த நிலைகளை வரையறுத்தது ஏசிபிஐ என்ற விதித்தொகுப்பு. இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து 1996 டிசம்பரில் வெளியிட்டன. 1972-இல் பினாங்கில் தொழிற்சாலை தொடங்கிய அதே இன்டெல்தான். ராமில் வேலையை வைத்துக்கொண்டு தூங்குவது எஸ்3, ஹைபர்னேட் எஸ்4, ஷட்டவுன் எஸ்5. கீழே இந்த எண்கள் வரும், அதனால் சொல்லி வைக்கிறேன்.

தூக்கம் ஏன் இத்தனை தடவை கெட்டுப்போகிறது என்றால், அது தேர் வடம் பிடிக்கிற மாதிரியான வேலை. தாய்ப்பலகையில் இருக்கும் பயாஸ் என்ற தொடக்க மென்பொருள், விண்டோஸ், அப்புறம் வைஃபை, கிராபிக்ஸ், ஒலி என்று ஒவ்வொரு கருவிக்கும் அதை இயக்கும் டிரைவர் என்ற ஒரு நிரல். ஒவ்வொன்றும் ஒவ்வொருவர் எழுதியது. எல்லாம் சரியான வரிசையில் அடங்கி, அதே ஒழுங்கில் எழ வேண்டும். ஒருவர் கையை விட்டால் தேர் நின்றுவிடும்.

அதனால் எந்தப் பிரச்சினைக்கும் முதல் கேள்வி இதுதான்: தூங்கப் போகும்போது தடுமாறுகிறதா, தூக்கத்தின் நடுவிலா, விழிக்கும்போதா? 'ஸ்லீப் வேலை செய்யவில்லை' என்று மட்டும் சொன்னால் யாராலும் உதவ முடியாது.

மூடியை மூடித்தான் பையில் வைத்தேன். வீட்டுக்கு வந்து எடுத்தால் அடுப்பிலிருந்து இறக்கியது போலச் சுடுகிறது, பேட்டரியும் காலி. ஏன்?

தீவில் பாயான் லெப்பாசில் வேலை முடிந்து மடிக்கணினியை மூடிப் பையில் போட்டு, பினாங்குப் பாலத்தில் ஏறுகிறவர்களிடம் அதிகம் கேட்கும் புகார் இது. பாலம் 13.5 கிலோமீட்டர்தான், ஆனால் மாலை நெரிசலில் அதைத் தாண்ட எவ்வளவு நேரமாகும் என்று நமக்குத் தெரியும். அவ்வளவு நேரமும் பைக்குள் கணினி விழித்தே இருந்திருக்கிறது.

இது பெரும்பாலும் பழுதல்ல. இன்றைய மடிக்கணினிகளின் தூக்க முறையே மாறிவிட்டது. 2012-இல் விண்டோஸ் 8 வந்தபோது, கைப்பேசி மாதிரி திரை அணைந்தாலும் மின்னஞ்சலும் செய்தியும் வந்துகொண்டிருக்க வேண்டும் என்று ஒரு முறையைக் கொண்டுவந்தார்கள். 2015-இல் விண்டோஸ் 10 அதை விரிவாக்கி 'மாடர்ன் ஸ்டாண்ட்பை' ஆக்கியது. இதில் கணினி எஸ்3-க்குள் இறங்குவதே இல்லை. எஸ்0 என்ற விழிப்பு நிலையிலேயே மிகக் குறைந்த சக்தியில் கிடக்கும். கண்ணை மூடிக்கொண்டு காதைத் திறந்து வைத்திருப்பது போல. எல்லாம் ஒழுங்காக இருந்தால் பேட்டரி மெதுவாகத்தான் இறங்கும். ஒரு டிரைவரோ பின்னணியில் ஓடும் ஒரு நிரலோ அடங்க மறுத்தால், காற்றுப் புகாத பைக்குள் செயலி சூடேறிக்கொண்டே போகும். பையில் காதை வைத்துப் பாருங்கள், விசிறி சுழலும் மெல்லிய இரைச்சல் கேட்கும்.

உங்களுடையது எந்த ரகம் என்று பார்க்க 'பவர்சிஎஃப்ஜி', இடைவெளி, சாய்கோடு, 'ஏ' என்று அடியுங்கள். 'ஸ்டாண்ட்பை எஸ்3' கிடைக்கும் என்று வந்தால் பழைய முறை. 'எஸ்0 லோ பவர் ஐடில்' என்று வந்தால் மாடர்ன் ஸ்டாண்ட்பை. இரண்டாவது ரகமாக இருந்தால், அதே கட்டளையில் 'ஏ' இருந்த இடத்தில் 'ஸ்லீப்ஸ்டடி' என்று அடித்துப் பாருங்கள். ஓர் அறிக்கைக் கோப்பை உருவாக்கித் தரும். பிரவுசரில் திறந்தால், ஒவ்வொரு தூக்கத்திலும் எவ்வளவு பேட்டரி போனது, எந்தக் கருவி அல்லது நிரல் விழித்துக் கிடந்தது என்று வரிசையாக இருக்கும். குற்றவாளி பெயரோடு அகப்பட்டுவிடும்.

நான் எல்லோருக்கும் சொல்லும் தீர்வு, மூடியை மூடினால் ஸ்லீப் ஆகாமல் ஹைபர்னேட் ஆகும்படி மாற்றுவது. கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், அதில் 'சூஸ் வாட் குளோசிங் தி லிட் டஸ்'. பேட்டரியில் இருக்கும்போது ஹைபர்னேட் என்று வையுங்கள். பட்டியலில் ஹைபர்னேட் இல்லையென்றால் 'பவர்சிஎஃப்ஜி', சாய்கோடு, 'எச்', மறுபடி ஓர் இடைவெளி, 'ஆன்' என்று அடித்துவிட்டு வந்து பாருங்கள். விழிக்கச் சில விநாடிகள் கூடும். பை சுடாமல் இருக்க அது கொடுக்கத் தகுந்த விலைதான்.

விண்டோஸின் உள்ளமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு வரி சேர்த்தால் பழைய எஸ்3 திரும்பிவிடும் என்று சொல்வார்கள். உங்கள் பயாஸில் எஸ்3 இல்லவே இல்லை என்றால், அதைச் செய்தபின் ஸ்லீப் என்பதே மெனுவிலிருந்து காணாமல் போகும். சில திங்க்பேட் மாடல்களில் மட்டும் பயாஸிலேயே தூக்க முறையைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கிறது. அது இருந்தால் அந்த வழியாகவே மாற்றிக்கொள்ளுங்கள்.

நடுச்சாமத்தில் தானாக எழுந்துகொள்கிறது. அறை முழுக்க வெளிச்சம். என்ன செய்வது?

விழித்ததும் வேறெதையும் தொடாமல் 'பவர்சிஎஃப்ஜி', சாய்கோடு, 'லாஸ்ட்வேக்' என்று அடித்துப் பாருங்கள். கடைசியாக எழுப்பியது யார் என்று சொல்லும். அடுத்து அதே மாதிரி 'வேக்டைமர்ஸ்': எந்த நிரல் எத்தனை மணிக்கு எழுப்பத் திட்டமிட்டிருக்கிறது என்று காட்டும். விண்டோஸின் தானியங்கிப் பராமரிப்புக்கு வழக்கமாக விடியற்காலை 2 மணி குறிக்கப்பட்டிருக்கும். அதோடு அப்டேட்டும் சேர்ந்துகொள்ளும். பவர் ஆப்ஷன்ஸில் 'அலோ வேக் டைமர்ஸ்' என்பதை டிசேபிள் செய்தால் இந்த வகை அடங்கிவிடும்.

டைமர் எதுவும் இல்லையென்றால் ஒரு கருவிதான் எழுப்புகிறது. மூத்த அக்காள் வீட்டு மேசைக்கணினி இரவெல்லாம் எழுந்து எழுந்து தூங்கியது. பேய் நடமாட்டம் என்று பிள்ளைகள் பயந்தே போனார்கள். ஓர் இரவு அங்கேயே உட்கார்ந்து பார்த்தேன். கண்ணாடி போட்ட மேசை. அதன் மேல் ஒரு மௌஸ், அடியில் சிவப்பு விளக்கு. காற்றாடியை மூன்றில் வைத்ததும் மேசை லேசாக அதிர்ந்தது, மௌஸ் ஒரு மயிரிழை நகர்ந்தது, கணினி எழுந்துவிட்டது. கண்ணாடிப் பரப்பில் மௌஸின் ஒளி உணரிக்குப் பிடிமானம் கிடைக்காமல், நகராதபோதும் நகர்ந்ததாக நினைத்துக்கொள்ளும். கருவிகளைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் மௌஸின் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தைத் திறந்து, 'அலோ திஸ் டிவைஸ் டு வேக் தி கம்ப்யூட்டர்' என்பதில் இருந்த குறியை எடுத்தேன். அன்றிலிருந்து விசைப்பலகையைத் தட்டினால்தான் எழுகிறது.

எந்தெந்தக் கருவிக்கு எழுப்பும் உரிமை இருக்கிறது என்று ஒரே பட்டியலாகப் பார்க்க 'பவர்சிஎஃப்ஜி', சாய்கோடு, 'டிவைஸ்குவெரி', பின் ஓர் இடைவெளி விட்டு 'வேக்' 'ஆர்ம்டு' என்ற இரண்டையும் நடுவில் அடிக்கோடு போட்டு இணைத்து அடிக்கலாம். நெட்வொர்க் கார்டும் அதில் இருக்கும். மோடத்திலிருந்து வரும் சாதாரணப் போக்குவரத்தே சில கார்டுகளை எழுப்பிவிடும். தூரத்திலிருந்து கணினியை எழுப்பும் தேவை உங்களுக்கு இல்லையென்றால் அதற்கும் குறியை எடுத்துவிடுங்கள்.

எவ்வளவு நேரம் விட்டாலும் தானாகத் தூங்கவே மாட்டேன் என்கிறதே?

யாரோ தூங்கவிடாமல் பிடித்திருக்கிறார்கள். 'பவர்சிஎஃப்ஜி', சாய்கோடு, 'ரிக்வெஸ்ட்ஸ்' என்று அடித்தால் யார் என்று தெரியும். டிஸ்பிளே, சிஸ்டம் என்று தலைப்புகள் வரும். எல்லாவற்றின் கீழும் 'நன்' என்று இருந்தால் யாரும் பிடிக்கவில்லை. பெரும்பாலும் அங்கே ஒலிக் கருவியின் பெயர் இருக்கும். பிரவுசரில் மின்னல் எஃப்எம் கேட்டுக்கொண்டிருந்து, ஒலியை மட்டும் குறைத்துவிட்டுப் பசியாறப் போயிருப்பீர்கள். காதுக்குக் கேட்காவிட்டாலும் ஒலி ஓடிக்கொண்டுதான் இருக்கும், கணினியும் விழித்துத்தான் இருக்கும். அந்த டேபை மூடுங்கள். பிரிண்டர் வரிசையில் பாதியில் சிக்கிய கோப்பு, பிணையத்தின் வழியாக யாரோ திறந்து வைத்திருக்கும் கோப்புறை இவையும் இதே வேலையைச் செய்யும்.

விசிறி ஓடுகிறது, விளக்கு எரிகிறது, திரை மட்டும் கருப்பு. கணினி செத்துவிட்டதா?

அவசரப்பட்டுப் பவர் பொத்தானை அழுத்திப் பிடிக்காதீர்கள். சேமிக்காத வேலை இன்னும் உள்ளே இருக்கலாம். முதலில் கேப்ஸ் லாக் விசையைத் தட்டுங்கள். அதன் சின்ன விளக்கு எரிந்து அணைகிறதா? அணைந்தால் விண்டோஸ் உயிரோடு இருக்கிறது, திரைக்குப் படம்தான் போகவில்லை. விளக்கு அசையவே இல்லையென்றால் முழுதும் உறைந்துவிட்டது.

உயிரோடு இருக்கும் பட்சத்தில் விண்டோஸ் விசை, கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (பேட்டரி என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து) நான்கையும் ஒன்றாக அழுத்துங்கள். ஒரு சிறு பீப் ஒலியோடு கிராபிக்ஸ் டிரைவர் மட்டும் புதிதாகத் தொடங்கும். திறந்த வேலைகள் அப்படியே இருக்கும். பலமுறை இந்த நான்கு விசைகளே போதுமாக இருந்திருக்கிறது. வரவில்லையா, விண்டோஸ் விசையோடு இன்னொரு பி (புரொஜெக்டர் என்ற சொல்லின் முதல் எழுத்து) அழுத்தி, ஒரு நொடி விட்டு, மறுபடி அழுத்திப் பாருங்கள். முன்பு வெளித்திரையோ புரொஜெக்டரோ மாட்டியிருந்தால், படம் இன்னும் அங்கே போவதாகவே கணினி நினைத்துக்கொண்டிருக்கும். பள்ளிகளில் இது அதிகம்: வகுப்பில் புரொஜெக்டரில் மாட்டிய நிலையிலேயே மூடியை மூடி, கம்பியைப் பிடுங்கி, வீட்டில் வந்து திறப்பார்கள்.

எதற்கும் மசியவில்லை என்றால்தான் பவர் பொத்தானைப் பத்து விநாடிக்கு மேல் அழுத்திப் பிடியுங்கள். எழுந்த பிறகு கிராபிக்ஸ் டிரைவரைக் கவனியுங்கள். இந்தத் தொல்லை ஓர் அப்டேட்டுக்குப் பின் தொடங்கியிருந்தால், டிவைஸ் மேனேஜரில் 'ரோல் பேக் டிரைவர்' கொடுத்துப் பழைய பதிப்புக்குப் போங்கள். நெடுநாளாக இருக்கும் தொல்லை என்றால், மடிக்கணினி தயாரித்த நிறுவனத்தின் பக்கத்தில் உங்கள் மாடலுக்கென்று இருக்கும் டிரைவரை நிறுவுங்கள். 'எல்லா டிரைவரையும் ஒரே சொடுக்கில் புதுப்பிக்கிறேன்' என்று வரும் மென்பொருள்களை வீட்டுக்குள் விடாதீர்கள்.

விழித்த பிறகு வைஃபை வருவதில்லை. ரீஸ்டார்ட் செய்தால் வருகிறது.

வைஃபை கருவியை மின்சாரம் மிச்சம் பிடிக்க அணைத்திருக்கிறது, திரும்ப எழுப்பத் தெரியவில்லை. டிவைஸ் மேனேஜரில் அந்தக் கருவிக்கு வலது சொடுக்கில் டிசேபிள், பிறகு எனேபிள் கொடுத்தால் ரீஸ்டார்ட் இல்லாமலே வந்துவிடும். நிரந்தரமாகச் சரியாக, பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில் கணினி இந்தக் கருவியை அணைக்கலாம் என்ற அனுமதியை நீக்குங்கள். சில புதிய கணினிகளில் அந்தப் பக்கமே இருக்காது. அங்கே டிரைவரைப் புதுப்பிப்பதுதான் வழி. புளூடூத்துக்கும் இதே வைத்தியம்.

இடி மின்னலில் கரண்ட் ட்ரிப் ஆகிவிடுகிறது. தூங்கிக்கொண்டிருக்கும் கணினிக்கு ஆபத்தா?

மேசைக்கணினிக்கு ஆபத்துதான். அதற்குப் பேட்டரி கிடையாது. மழைக்காலத்தில் ஒரு மின்னல் வெட்டினால் போதும், மெயின் பெட்டியில் சுவிட்ச் 'டக்'கென்று விழுந்துவிடும். ராமில் இருந்தது அந்தக் கணமே அழியும். பல மேசைக்கணினிகளில் 'ஹைப்ரிட் ஸ்லீப்' என்று ஒரு வசதி உண்டு. தூங்கும் முன் டிஸ்கிலும் ஒரு பிரதி எழுதி வைத்துக்கொள்ளும். பவர் ஆப்ஷன்ஸில் அது ஆன் ஆக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று நம் வீட்டுப் பழக்கம். இங்கே மூன்று முள் சாக்கெட்டுகளில் சுவிட்ச் சேர்ந்தே இருப்பதால், அம்மாவோ பாட்டியோ படுக்கப் போகுமுன் வரிசையாக எல்லாவற்றையும் அணைத்துக்கொண்டு வருவார்கள். நல்ல பழக்கம்தான். தூங்கும் கணினி மட்டும் அதில் அகப்பட்டால், மறுநாள் காலையில் 'என் கட்டுரை எங்கே?' என்று பிள்ளை அழும். அந்த வீடுகளில் ஸ்லீப்பை மறந்துவிட்டு ஹைபர்னேட்டைப் பழக்குங்கள்.

வானம் இருட்டிக்கொண்டு வந்தால் ஹைபர்னேட் செய்துவிட்டுப் பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைப்பது போதாது. மோடத்திலிருந்து வரும் நெட்வொர்க் கம்பியையும் கழற்றுங்கள். மின்னல் அந்த வழியாகவும் வரும்.

தினமும் ஷட்டவுன் செய்கிறேன். ஆனாலும் கணினி பல நாளாக ஓடுவதாக டாஸ்க் மேனேஜர் காட்டுகிறதே?

விண்டோஸ் 8-இலிருந்து 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' இருக்கிறது. ஷட்டவுன் கொடுத்தால் உங்கள் நிரல்களை மூடிவிட்டு, விண்டோஸின் உட்கருவை மட்டும் ஹைபர்னேட் செய்து வைக்கும். டிரைவர்களின் பழைய தடுமாற்றமும் அதோடு சேமிக்கப்பட்டு மறுநாள் திரும்பி வரும். ரீஸ்டார்ட்தான் உண்மையான புதுத் தொடக்கம். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ஷட்டவுன் கொடுத்தாலும் முழுதாக அணையும். ஒரே கணினியில் லினக்ஸும் வைத்திருப்பவர்கள் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பைக் கட்டாயம் அணைத்து வையுங்கள். பாதித் தூக்கத்தில் இருக்கும் விண்டோஸ் பகுதியில் லினக்ஸிலிருந்து எழுதினால் கோப்புகள் சேதமாகும்.

லினக்ஸில் எங்கிருந்து தொடங்குவது?

'சிஸ்' கோப்புறைக்குள் 'பவர்', அதற்குள் 'மெம்_ஸ்லீப்' என்ற கோப்பைப் படித்துப் பாருங்கள். 'எஸ்2ஐடில்', 'டீப்' என்று இரண்டு சொற்கள் இருக்கலாம். சதுர அடைப்புக்குள் இருப்பதுதான் இப்போது நடப்பில் உள்ளது. டீப் என்றால் எஸ்3. பேட்டரி வேகமாக இறங்கி, டீப் கிடைக்குமென்றால், கெர்னலின் (லினக்ஸின் உட்கரு) தொடக்க வரியில் 'மெம்_ஸ்லீப்_டிஃபால்ட்' என்பதற்கு டீப் என்று மதிப்புக் கொடுங்கள். டீப் என்ற சொல்லே இல்லையென்றால் பயாஸ் அதைத் தரவில்லை, வற்புறுத்திப் பயனில்லை.

சோதிக்க ஒரு நல்ல வழி 'ஆர்டிசிவேக்' கட்டளை. முப்பது விநாடி தூங்கி, தானே எழுந்திரு என்று சொல்லலாம். ஒவ்வொரு தடவையும் மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருக்க வேண்டாம். எழாமல் உறைந்தால், மறுபடி தொடங்கியபின் 'ஜர்னல்சிடிஎல்' கட்டளையில் முந்தைய தொடக்கத்தின் பதிவைக் கேட்டு, கடைசிச் சில வரிகளைப் படியுங்கள். பெரும்பாலும் அடங்க மறுத்த கருவி அங்கே இருக்கும். என்விடியா கிராபிக்ஸ் கார்டு இருந்தால், அதன் சஸ்பெண்ட், ரெஸ்யூம், ஹைபர்னேட் சேவைகள் மூன்றும் எனேபிள் ஆகியிருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். ஹைபர்னேட் வேண்டுமானால் ஸ்வாப் (ராமில் உள்ளதை எழுதி வைக்க டிஸ்கில் ஒதுக்கும் இடம்) ராம் அளவுக்காவது இருப்பது பாதுகாப்பு.

மேக்புக்?

டெர்மினலில் 'பிஎம்செட்', இடைவெளி, ஒரு சிறு கோடும் 'ஜி'யும், பின் 'அசர்ஷன்ஸ்' என்று அடித்தால், தூங்கவிடாமல் பிடித்திருக்கும் நிரல் தெரியும். கடைசிச் சொல்லை 'லாக்' என்று மாற்றினால் தூங்கிய, விழித்த வரலாறு வரும். இன்டெல் மேக்குகளில் எஸ்எம்சி (மின்சாரத்தைக் கவனிக்கும் சிப்) ரீசெட் உதவும். ஆப்பிளின் சொந்தச் சிப் உள்ளவற்றில் அப்படி ஒன்று இல்லை, ரீஸ்டார்ட் போதும்.

பயாஸ் அப்டேட் செய்யலாமா? பயமாக இருக்கிறது.

தூக்கக் கோளாறுக்கு அது பல நேரம் நல்ல மருந்து. பதிப்புக் குறிப்பில் ஸ்லீப், ரெஸ்யூம், ஸ்டாண்ட்பை என்ற சொற்கள் வருகின்றனவா என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள். தயாரித்த நிறுவனத்தின் பக்கத்திலிருந்து, உங்கள் மாடல் எண்ணை எழுத்துக்கு எழுத்து சரிபார்த்து எடுங்கள். விண்டோஸில் டிஸ்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் ஓடினால், மீட்புச் சாவியை முதலில் ஒரு தாளில் எழுதி வையுங்கள். பேட்டரி நிறைந்து சார்ஜரும் மாட்டியிருக்க வேண்டும். மழை வரும் மாலையில் தொடாதீர்கள். நடுவில் கரண்ட் போனால் தாய்ப்பலகையே எழாமல் போகலாம்.

எப்போது கடைக்குக் கொண்டுபோக வேண்டும்?

டச்பேட் மேலே தள்ளிக்கொண்டு வந்தாலோ, அடிப்பலகை சமமாக உட்காராமல் ஆடினாலோ பேட்டரி உப்பியிருக்கிறது. அன்றைக்கே அணைத்து எடுத்துப் போங்கள், சார்ஜ் போடாதீர்கள். மேசைக்கணினியில் ஒவ்வொரு முறையும் தேதி பின்னால் போய்விட்டால், தாய்ப்பலகையில் இருக்கும் சிஆர்2032 என்ற 3 வோல்ட் வட்ட பேட்டரி தீர்ந்திருக்கிறது. அது மலிவுதான், நீங்களே மாற்றலாம். தூங்கி எழும்போதெல்லாம் நீலத்திரை வந்து, பிழைப் பெயர் ஒவ்வொரு முறையும் மாறினால் ராமைச் சந்தேகப்படுங்கள். விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்கை ஓட்டிப் பார்த்துவிட்டுப் போங்கள்.

தீவில் கொம்தார் கட்டடத்துப் பக்கம் எந்தக் கடைக்குப் போனாலும், 'பார்மட் பண்ணிடலாம்' என்று சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். என் தங்கை ஒரு கடையில் தலையாட்டினாள். தூங்கி எழாத கணினியைத் துடைத்துத் தந்தார்கள். பிள்ளை பிறந்ததிலிருந்து எடுத்த நிழற்படங்கள் அத்தோடு போயின. கணினி மறுநாளும் எழவில்லை. அந்த வாரக் கடைசியில் நான் உற்பத்தியாளரின் கிராபிக்ஸ் டிரைவரை நிறுவினேன், எழுந்துவிட்டது. இருபது நிமிட வேலை. அந்தப் படங்களை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

கடைக்குப் போகும் முன் கோப்புகளை வெளி டிஸ்கில் பிரதி எடுங்கள். 'லாஸ்ட்வேக்', 'ரிக்வெஸ்ட்ஸ்' காட்டியதையும், கோளாறு எந்தத் தேதியிலிருந்து, எந்தக் கட்டத்தில் வருகிறது என்பதையும் ஒரு தாளில் எழுதி, கணினியோடு சேர்த்துக் கொடுங்கள். துடைக்கச் சொல்லவில்லை என்பதையும் அதே தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.